ஒரு வண்டிக்காக அறுத்த பாவு

கத்தி பட்டுக்குள் இறங்கும் சத்தத்தை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். ஈரத் துணியைக் கிழிப்பது போலத் தொடங்கி, பாதியில் மூச்சு வாங்குவது போல நின்று, மறுபடி ஓடி முடிந்தது. அது முடிந்ததும் ஆரணியின் அந்த நெசவுத் தெருவில் வீடுகளுக்குள் ஓடிக்கொண்டிருந்த தறிகள் நின்றுவிட்டதாக எனக்கு ஞாபகம். நிஜமாகவே நின்றனவா, என் காதுதான் அடைத்துப்போனதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. வெள்ளைக்கார மகாராணியார் உயிரோடிருந்த காலம் அது. நூற்றாண்டு முடிய இன்னும் சில வருஷங்கள் இருந்தன. எனக்கு அப்போது மீசை சரியாகக் கூட வளரவில்லை. ஆனால் கல்யாணமாகி, மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

நாங்கள் படவேட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். மிஷன் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் படிப்பும் இல்லை, நாலு பேர் நடுவே நின்று பேசும் தைரியமும் வரவில்லை. மனைவிக்கு வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. ஊர் மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டு, "ஆரணி தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுகினு போயிடுப்பா, என்னால ஆவல" என்று சொல்லிவிட்டாள். மச்சான் வண்டி பூட்டினான். வைக்கோல் பரப்பி, மேலே பாய் போட்டு அவளைக் கிடத்தினோம். வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தவள் ஆரணி எல்லை வந்ததும் முனகுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பல நாள் மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. நாங்கள் வந்த சந்து நெசவுத் தெருவில் வந்து முட்டும். தெருவைக் குறுக்கே கடந்தால் எதிர்ச்சந்து. அதன் முடிவில் ஆஸ்பத்திரி. ஆனால் தெருவைக் கடக்க வழியில்லை. வெயிலுக்குக் காத்திருந்த வீடுகளெல்லாம் தங்கள் பாவைத் தெருவில் ஒன்றன் பின் ஒன்றாக இழுத்துக் கட்டியிருந்தன. நெய்வதற்கு முன் புடவையின் நீளவாட்டு இழைகளைத் தெருவோடு விறைப்பாகக் கட்டி, கஞ்சி தெளித்து, கோதிவிட்டு உலர்த்துவார்கள். அதுதான் பாவு. எங்களுக்கு நேர் எதிரே இடுப்பு உயரத்தில் ஓர் அரக்கு நிறப் பாவு, கஞ்சி ஈரத்தில் பளபளத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பல வீட்டு நீளத்துக்குப் போயிற்று. கட்டியிருக்கும் பாவை யாரும் தாண்டக் கூடாது. குனிந்து அடியில் நுழைந்து போகலாம். வண்டியும் மாடும் எப்படி நுழையும்? பாடையே வந்தாலும் பாவு காயும் வரை நிற்கும் அல்லது சுற்றிக்கொண்டு போகும். அந்த ஊர் வழக்கம் அப்படி. எங்களுக்கும் அது தெரியும்.

மச்சான் மாட்டை இழுத்துப் பிடித்து நிறுத்தினான். பாவின் சொந்தக்காரர் கஞ்சிக் கையோடு ஓடி வந்தார். நாலு தறிக்கு மேஸ்திரி. தெருவில் எல்லோரும் அவரை அப்படியேதான் கூப்பிட்டார்கள். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல்.

"டேய், கண்ணு அவிஞ்சி பூடுச்சா? பாவு காஞ்சிகினு கீது, வண்டிய எங்க வுட்றே? திருப்புடா, ஏரிக்கரை மேல போ!"

"ஏரிக்கரை சேறுங்க. அச்சு வரைக்கும் எறங்கிடுச்சி, பார்த்துட்டுத்தான் வரோம்" என்றான் மச்சான். "உள்ள எங்க அக்காங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். மேஸ்திரி என்னை ஒரு பார்வைதான் பார்த்தார், பிறகு வண்டிக்குக் கீழே பார்த்தார். பலகை இடுக்கு வழியாக ரத்தம் சொட்டி மழைச் சேற்றில் விழுந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் அவளை இறக்கி, பாவுக்கு அடியில் குனிந்து தூக்கிப் போகவும் முடியாது.

"பாவைத் தளர்த்திக் கீழ போட்டுடலாமே" என்றாள் ஒரு பெண்.

"ஈரத்துல தளர்த்தினா இழையோட இழை ஒட்டிக்கும். அப்புறம் அது பட்டா, மாட்டுக் கயிறா?" என்றார் மேஸ்திரி. சொல்லிக்கொண்டே இடுப்புக் கத்தியை உருவினார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு முன்னால் தெருவுக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருத்தி "ஐயையோ, கல்யாணப் பாவு மாமா" என்று அலறினாள். "ஜல்தி! ரெண்டு பக்கமும் மூங்கில் பட்டைய வெச்சி இறுக்கிப் புடிங்க. தொய்ய வுட்டீங்க, ஒவ்வொருத்தர் தோலையும் உரிச்சிடுவேன்" என்றார் மேஸ்திரி. தங்கள் பாவுகளை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடி வந்து பிடித்தார்கள். கத்தி இறங்கியது. இரண்டு பக்கமும் பிடித்திருந்தவர்கள் பாவின் விறைப்பு குறையாமல் பின்னுக்குச் சாய்ந்து இழுத்து நிற்க, நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி திறந்தது.

அந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மச்சானும் கயிற்றைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தான். மேஸ்திரிதான் மாட்டின் முதுகில் ஓங்கித் தட்டினார். "போங்கடா! இன்னா வேடிக்க பார்த்துகினு? தேரா வருது?"

நாங்கள் போனோம். திரும்பிப் பார்த்தபோது அத்தனை பேரும் வெயிலில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். கஞ்சி காயும் வரை அவர்கள் கையை எடுக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. இன்னும் சற்று நேரம் கழித்து வந்திருந்தால் இரண்டு உயிரில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்று அங்கிருந்த மருத்துவச்சியம்மா சொன்னார். மனைவி எழுந்து உட்காரப் பல நாள் ஆயிற்று. நாங்கள் ஊர் திரும்பியபோது ஏரிக்கரை காய்ந்திருந்தது. அந்த வழியாகவே போய்விட்டோம். அறுவடை முடிந்து, ஒரு மூட்டை கேழ்வரகோடு மேஸ்திரி வீட்டைத் தேடி வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "அவங்க சேத்துப்பட்டுக்குப் பூட்டாங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ யார் என்று அவரும் கேட்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மழை சரியாகப் பெய்யாத வருஷங்கள் வந்தன. நிலம் கைவிட்டுப் போனது. ஆரணிக்கே குடிவந்து, பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் ராட்டை சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் வேலைக்குப் போகும் வழியில் எந்தத் தெருவில் பாவு கட்டியிருந்தாலும் நின்று ஒரு கை கொடுப்பேன். ஒரு முனையைப் பிடிப்பேன், அறுந்த இழை கண்ணில் பட்டால் பிணைப்பேன், மாடு வந்தால் விரட்டுவேன். நல்லவன் என்று பெயர் எடுக்க அல்ல. எனக்குப் பேச வராது. இது பேசாமல் செய்யக் கூடிய காரியம். அன்று வெயிலில் நின்றவர்களின் முகம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. கைகள் மட்டும் ஞாபகமிருந்தன. அவற்றில் எந்தக் கை யாருடையது என்று தெரியாததால், எந்தப் பாவுக்கும் கை கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

பட்டறையில் நூல் இழைக்கும் ஒரு பெண் இருந்தாள். வாயாடி. எல்லோரும் அவளை அக்கா என்போம். ஒரு நாள் நான் தாமதமாக வந்தபோது பிடித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணே, இன்னிக்கு யாரு பாவு? ஊருக்கெல்லாம் ஓசியில ஒழைச்சிகினு இரு. கடைசில அந்த மேஸ்திரி கதையாத்தான் ஆவப் போறே."

"எந்த மேஸ்திரி?"

"இது தெரியாதா? செத்த பொம்பளைக்காகக் கல்யாணப் பாவ அறுத்தாரே, அவருதான்."

என் கை ராட்டையிலேயே நின்றுவிட்டது. அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டு போனாள். எவளோ கிராமத்துக்காரி வலி கண்டு வண்டியில் வந்தாளாம். மேஸ்திரி பாவை அறுத்து வழி விட்டாராம். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்ணின் பாடை அந்தச் சந்து வழியாகப் போனதாம். "எங்கம்மா கண்ணால பார்த்துச்சி. தெருவே உட்கார்ந்து அறுத்த பாவ இழை இழையா பிணைச்சிக் குடுத்துதுங்க. அது பெருசில்ல. சாவறவ நடுவுல பூந்து போன பாவுல கல்யாணப் புடவையான்னு பொண்ணு வீட்டுக்காரங்க வேணாம்னுட்டாங்க. நூல் குடுக்கற கடைக்காரரு பட்டு நூலையெல்லாம் திரும்ப வாங்கிகினு பூட்டாரு. வேற யாரு குடுப்பாங்க? நாலு தறியும் சும்மா கெடந்துச்சி. ஒரு நாளு பொண்டாட்டிய கூட்டிகினு கெளம்பிட்டாரு. சேத்துப்பட்டுல எவன் தறியிலயோ கூலிக்கு நெய்யறாராம். உயிரோட இருக்கறவளுக்குச் செஞ்சிருந்தாலும் பரவால்ல, இன்னா பேஜாரு பாரு."

அந்தப் பாடை யாருடையதோ எனக்குத் தெரியாது. அன்று ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் ஒரு பெண் இறந்துபோனது மட்டும் அப்போது நினைவுக்கு வந்தது. என் மனைவி பிழைத்தாள் என்ற ஒரு சேதி அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், அது சாவு புகுந்த பாவு ஆகியிருக்காது. பிள்ளை பிறந்த வண்டிக்கு வழிவிட்ட பாவு ஆகியிருக்கும். அதைக் கல்யாண வீடு கண்ணில் ஒற்றி வாங்கியிருக்கும். "அவள் என் பெண்டாட்டி" என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். நாக்கு புரளவில்லை. உடம்பு சரியில்லை என்று சைகையால் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மனைவி வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் பெண் பக்கத்தில் நின்று பூனையை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ செத்துட்டியாம்" என்றேன்.

"எப்போ?" என்றாள், மீனிலிருந்து தலையைத் தூக்காமல்.

முழுவதையும் சொன்னேன். பாதியிலேயே அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லி முடித்ததும் மீன் தண்ணீரைக் கொட்டினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, "காலைல சேத்துப்பட்டுக்குப் போறோம். புள்ளையும் வரட்டும்" என்றாள்.

ஆரணியிலிருந்து அரை நாள் வண்டிப் பயணம். சேத்துப்பட்டில் அவரைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. தாழ்ந்த கூரை வீடொன்றில் தறிக்குழியிலிருந்து ஏறி வெளியே வந்தார். உடம்பு வற்றியிருந்தது, குரல் வற்றவில்லை. "பட்டு வேணும்னா கடைக்குப் போங்கப்பா. நான் கூலிக்கு நெய்யறவன்" என்றார். வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது எதுவும் வாயில் நிற்கவில்லை. "ஆரணில... மழை விட்ட அன்னிக்கு... வண்டி..." என்று மட்டும் வந்தது.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. கிட்டே வந்து என் தோளில் கை வைத்தார். "நீயா? கை கூப்பிகினு நின்னியே, அந்தப் புள்ளையாண்டானா?" என்றார். பிறகு என் மனைவியையும் பெண்ணையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மறுபடி கட்டிகினியா? நல்ல காரியம் பண்ணே. எத்தினி நாளைக்குத் தனியா கெடந்து அழுதுகினு இருப்பே? போனவ போயிட்டா, இன்னா பண்றது. அன்னிக்கு நான் இன்னுங் கொஞ்சம் ஜல்தியா அறுத்திருக்கணும்பா. நின்னு நியாயம் பேசிகினு இருந்துட்டேன்" என்றார்.

இத்தனை வருஷமாக அவர் மனதில் கிடந்தது அவருடைய தறிகள் அல்ல. என் மனைவிதான் முன்னால் போனாள்.

"போகலைங்க" என்றாள். "நான்தாங்க அது. வண்டில படுத்திருந்தவ நான்தான். அன்னிக்குப் பொறந்தது இவ."

மேஸ்திரியின் கை என் தோளிலிருந்து நழுவியது. அவளைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏ, வெளிய வாம்மே! அவ சாவலயாம்! அவ சாவலயாம்மே!" உள்ளேயிருந்து ஓடி வந்த அவர் மனைவி, எங்களைப் பார்த்து ஒன்றும் புரியாமல், நூல் சுற்றிய கையோடு அழ ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்சம் அடங்கியதும் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். மேஸ்திரி என் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கணக்கு சரிபார்ப்பது போல அவள் கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தறிகள் போனதைப் பற்றி நான் ஏதோ முனகினேன். "வழி வுட்றது ஒரு காரியமா? தெருவுல கீற எல்லாரும் புடிச்சாங்க, நான் அறுத்தேன்" என்று என்னை அடக்கிவிட்டார்.

என் மனைவி விடவில்லை. "இத்தினி வருஷம் நான் செத்துட்டேன்னுதானே இருந்தீங்க? ஊருல சிரிக்கறாங்க. செத்தவளுக்காகப் பாவ அறுத்தோமேன்னு ஒரு நாளாச்சும் தோணலையாங்க?" என்று கேட்டாள்.

அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா தோணணும்?" என்றார். "வண்டி போறப்போ நீ உயிரோடதானே இருந்தே."