அப்பா மில்லில் பழகிய சத்தம்

எங்கள் அப்பாவுக்குக் கராத்தேயில் கறுப்பு பெல்ட் கிடைக்காமல் போனதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அவருக்குக் கத்த வரவில்லை.

உதைக்க வந்தது. தடுக்க வந்தது. கைமுட்டியைத் தரையில் ஊன்றி ஐம்பது தண்டால் எடுக்க வந்தது. முப்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்துப் பையன்களோடு வரிசையில் நின்று, வெள்ளை பெல்ட்டிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம், பழுப்பு என்று ஒவ்வொன்றாக ஏறி வந்துவிட்டார். கடைசிப் படியில் வாயைத் திறந்து கத்த வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிட்டார்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். வரிசை வரிசையாக ஓடும் நூற்பு பிரேம்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்து, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். உள்ளே இருக்கும் இரைச்சலில் யாரும் யாரோடும் வாயால் பேச முடியாது. எல்லாம் கைச்சாடைதான். கட்டைவிரலை உதட்டருகே சாய்த்தால் தண்ணீர். காதைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். உள்ளங்கையைக் குப்புற வைத்து மெல்ல அழுத்தினால் மிஷினை நிறுத்து. அப்பா இந்தப் பாஷையை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். சாப்பிடும்போது கட்டைவிரல் உதட்டுக்குப் போகும். அம்மா செம்பை நகர்த்துவாள். “வீட்லயும் மில்லு ஓடுதாக்கும்” என்பாள்.

எதிர் வீட்டு மாமா இதற்கு நேர்மாறு. லாரி ஓட்டுகிறவர். அவர் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று தெருமுனையில் நின்றே தெரிந்துகொள்ளலாம். லாரி வந்து நின்றதும் அந்த வீட்டில் ரேடியோ அணைந்துவிடும். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். அத்தை அடுப்படிக்குள் போய்விடுவாள். பிறகு மாமாவின் குரல் மட்டும் கேட்கும். அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒன்பது வயதில் நான் தீர்மானமாக நம்பியிருந்தேன். அந்த வீட்டுப் பெண்தான் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள்.

கராத்தேக்கு அப்பா போய்ச் சேர்ந்த கதையை அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். நின்று நின்று கால் வீங்கியதற்கு டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். மில் விட்டு வரும் வழியில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் கராத்தே வகுப்பு நடந்திருக்கிறது. அப்பா மூன்று மாதம் சுவருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாராம். உள்ளே போய்க் கேட்கக் கூச்சம். கடைசியில் மாஸ்டரே வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க என்று கூப்பிட்டிருக்கிறார். அந்த மாஸ்டர் அப்பாவைவிட எட்டு வயது சின்னவர். பகலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார்.

பிறகு ஆறு வருடம். ஷிப்ட் மாறும் வாரங்களில் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு போனார். ஒருமுறை கால்விரல் பிசகி, செருப்புக்குப் பதில் துணியைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். கராத்தேக்குப் போடும் வெள்ளைச் சட்டையையும் கால்சட்டையையும் அம்மா திட்டிக்கொண்டே துவைப்பாள். ஆனால் நீலம் போடாமல் காயப்போட்டதில்லை.

கறுப்பு பெல்ட்டுக்கான பரீட்சை வருடத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும். சென்னையிலிருந்து பெரிய மாஸ்டர் வருவார். முதல் தடவை அப்பா தனியாகப் போய், கையில் பால்கோவா பொட்டலத்தோடு திரும்பி வந்தார். பெல்ட் இல்லை. அப்பாவுக்குக் கறுப்பு பெல்ட் வரப்போகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் எதிர் வீட்டுப் பெண் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “ஏட்டி, ஒங்கப்பா வாயில நூலு சிக்கிக்கிருச்சாமே?”

விஷயம் இதுதான். கட்டா என்று ஒன்று உண்டு. எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, தனியாக நின்று வரிசை மாறாமல் போட வேண்டிய அடிகளும் தடுப்புகளும். அதில் இரண்டு இடத்தில் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அப்பா கத்தியபோது விக்கல் மாதிரி ஏதோ வந்ததாம். மற்றதெல்லாம் சரி, கட்டாவில் உயிர் இல்லை என்று பெரிய மாஸ்டர் எழுதிவிட்டார். அடுத்த வருடமும் இப்படியே வந்தால், அதற்குப் பிறகு இவரை அனுப்ப வேண்டாம் என்று எங்கள் மாஸ்டரிடம் சொல்லியும் விட்டார்.

ஆகவே அப்பாவுக்கு இருந்தது ஒரு வருடம். முதலில் வீட்டில் கத்திப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பக்கத்து வீட்டு அத்தை, யாரோ கிணற்றில் விழுந்துவிட்டதாக நினைத்து, தெலுங்கில் கேட்டுக்கொண்டே கயிறோடு ஓடி வந்தார். அத்தோடு அது முடிந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய், வாடகை சைக்கிள் எடுத்து, செண்பகத்தோப்புக்குப் போனார். மலையடிவாரம். ஆள் நடமாட்டம் இல்லை. என்னைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். நானும் பொத்திக்கொண்டேன். அப்பா நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, மூச்சை இழுத்து, பாதிச் சத்தம் போட்டார். அதற்குள் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு வனக் காவலர் கம்போடு ஓடி வந்துவிட்டார். ஆனை இறங்கியிருக்கிறதா என்று கேட்டார். அப்பா இல்லை என்று கையால் சொன்னார். “ஆனைன்னா சொல்லிருங்க அண்ணாச்சி, ஒளிக்காதிய” என்று அவர் விடவில்லை. அப்பா பொய்யாக இருமிக் காட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிள் கிரீச்சிடும் சத்தம் மட்டும்தான்.

அன்று சாப்பாடு போடும்போது அம்மா எரிச்சலில் ஒன்று சொன்னாள். “ஒங்க மில்லுலயே போயி கத்துங்க. அங்க இடி விழுந்தாலும் எவனுக்கும் கேக்காது.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். அப்பா சோற்றில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடத்தில் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். வழக்கமாக கேட்டில் வாங்கிக்கொள்ளும் வாட்ச்மேன், அன்று பஞ்சு லாரி வந்திருந்ததால், ஷெட் வாசல் வரை என்னைப் போகச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். தலையெல்லாம் பஞ்சோடு அப்பா இரண்டு பிரேம்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். ஓர் இழையை ஒட்டினார். நான்கு எட்டு வைத்தார். சட்டென்று வாயை அகலமாகத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. ஆனால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மிஷின் இரைச்சல் அத்தனையையும் விழுங்கிவிட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டு அடுத்த இழையை ஒட்டினார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குப் பல்வலி என்று நினைத்து, கிராம்பு கொண்டுவந்து கொடுப்பார்களாம். அதையும் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்.

மறுவருடப் பரீட்சைக்கு அம்மாவும் நானும் கூடப் போனோம். காலை பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது அப்பா அம்மாவின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “சத்தம் வருதா வரலையான்னு எனக்கே தெரியாது. ஒரு நாளும் என் காதுல விழுந்ததில்ல.” அம்மா அவர் மடியில் இருந்த துணிப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை போட்ட மண்டபம் அது. சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் மூச்சுக்கூட விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மாஸ்டர் மேஜைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். மைதானத்தைச் சுற்றி ஓட்டம், தண்டால், உதை, தடுப்பு என்று மதியம் வரை போனது. பிறகு பாதி வயதுப் பையன்கள் ஐந்து பேரோடு ஒருவர் பின் ஒருவராகச் சண்டை. மூன்றாவது பையன் கை பட்டு அப்பாவின் உதடு கிழிந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அவளுக்குக் கிள்ள வேறு ஆள் இல்லை.

கடைசியில் கட்டா. அப்பா நடுவே போய்த் தனியாக நின்றார். வணங்கினார். முதல் அடி, திரும்பல், தடுப்பு. எல்லாம் எனக்கு மனப்பாடம். கத்த வேண்டிய இடம் வருகிறது என்று தெரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. உத்திரத்தில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பி ஜன்னல் வழியே வெளியே போயின. ஒரு கைக்குழந்தை அழுதது. கண்ணைத் திறந்தபோது பெரிய மாஸ்டரின் பேனா மேஜையிலிருந்து உருண்டு கீழே விழுந்துகொண்டிருந்தது.

எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்துபோனவர் அப்பாதான். தன் முழுக் குரலை அவர் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறார். ஊன்றிய கால் அப்படியே நின்றது. எங்கள் மாஸ்டர் சுவரிலிருந்து முதுகை எடுத்துவிட்டார். அடுத்த அடி மறந்துவிட்டது, போச்சு என்று நினைத்தேன். அம்மாவின் கை தானாக மேலே எழுந்து, இழை ஓடுகிற மாதிரி விரலை முன்னால் சுழற்றியது. மிஷினை ஓட்டு. அவளுக்கும் மில் சாடை போட வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்பா அதைப் பார்த்தாரா என்பதும் தெரியாது. கால் நகர்ந்தது. கட்டா ஓடியது. இரண்டாவது சத்தம் முதலாவதைவிடப் பெரிதாக வந்தது. வாசலில் பள்ளிக்கூட வாட்ச்மேனும் இரண்டு வழிப்போக்கர்களும் வந்து நின்றார்கள்.

பெரிய மாஸ்டர் குனிந்து பேனாவை எடுத்தார். காலையிலிருந்து சிரிக்காதவர் அப்போது சிரித்தார். “இத எங்கய்யா வச்சிருந்தீரு, போன வருசம்?”

அப்பா பழைய குரலில், எங்களுக்கே சரியாகக் கேட்காத குரலில், சொன்னார்: “மில்லுல சார்.”

மண்டபமே சிரித்தது. எங்கள் மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், பழுப்பு பெல்ட்டை அவிழ்த்துவிட்டுக் கறுப்பை எடுத்து அப்பாவின் இடுப்பில் கட்டினார். காயில் கட்டுகிற கை, முடிச்சு கச்சிதமாக விழுந்தது. அப்பா வணங்கினார். கிழிந்த உதட்டோடு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இந்தத் தடவை பால்கோவா இரண்டு பொட்டலம். பஸ்ஸில் நான் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, அன்று முழுவதும் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். இனிமேல் வீட்டிலும் அப்படிக் கத்துவீர்களா என்று. எதிர் வீட்டுக்கு இனி நாங்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றியிருந்தது. அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளங்கையைக் குப்புற வைத்து மெல்ல அழுத்தினார். மிஷினை நிறுத்து. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு பெரிய சத்தத்தை வைத்துக்கொண்டு வீணாக்குகிறாரே என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததுமே எதிர் வீட்டுப் பெண் ஓடி வந்தாள். பெல்ட்டை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். புறாக்கள் பறந்ததை, பேனா விழுந்ததை எல்லாம் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இனிமே வீட்லயும் அப்படித்தான் கத்துவாவளாட்டி?” என்றாள்.

இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன். “கத்த மாட்டாவளாம்” என்றேன் தலையைக் குனிந்துகொண்டு. கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

வெளியே லாரி வந்து நின்றது. மாமாவின் குரல் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை. பெல்ட் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு எங்கள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கட்டைவிரல் உதட்டருகே போனது. அம்மா எழுவதற்குள் அவள் எழுந்து போய், செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

கறுப்பு பெல்ட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன்.