ஆறாம் கியருக்கு ஒரு பல்

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சீமோன் அண்ணை உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, தொலைபேசிக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு, இடது செருப்பைக் கழற்றி வைப்பார். மல்வேர்னில் அவருடைய வீட்டுப் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழுள்ள அறையில், வாடகைக்கு இருப்பவன் நான். என் தலைக்கு மேலே தினமும் நடக்கும் கூத்து இது.

மணி அடிக்கும். விட்பியிலிருந்து மகள் வேரோனிக்கா. அவளுடைய இரண்டு வயது மகள் ஷரோன், அம்மப்பா தொலைபேசியில் வாயால் கார் ஓடினால்தான் சாப்பிடுவாள். ஒரு கியருக்கு ஒரு கரண்டி சோறு. ஆறு கியர், ஆறு கரண்டி.

கார் என்றால் எந்தக் காரும் அல்ல. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தைந்தில் மெக்சிக்கோ கிராண்ட் பிறீ பந்தயத்தை வென்ற ஹொண்டா. "ஒண்டரை லீற்றர்தான் தம்பி, அதுக்குள்ளை பன்ரண்டு சிலிண்டர்! ஒவ்வொண்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. எஞ்சினைக் குறுக்காலை வைச்சிருக்கிறாங்கள். வெண்டாங்களோ, அடுத்த வருசம் மூண்டு லீற்றர் எண்டு சட்டம். ஆரும் கேட்டவங்களே?" என்று என்னோடு சண்டைக்கு வருவார், சட்டத்தை நான்தான் மாற்றியதுபோல.

அந்தக் காரை அவர் கண்ணால் கண்டதில்லை. கராஜ் சேலில் எடுத்த பழைய வீடியோக் கசெற்றில் அது நாற்பது விநாடி ஓடியது. போட்டுப் போட்டுப் பார்த்ததில் டெக் நாடாவைத் தின்றுவிட்டது. "இப்ப அந்தச் சத்தம் என்ரை வாயிலை மட்டும்தான் இருக்கு" என்பார். பாண் தொழிற்சாலைக்கு அவர் வேலைக்குப் போவது பஸ்ஸில். கார் ஓட்டும் பரீட்சையில் மூன்று தரம் தவறியவர்.

"ரோட்டிலை ஓட லைசென்ஸ் இல்லை. வாயாலை கிராண்ட் பிறீ ஓடுறார்." இது றோசலின் அக்கா, அவர் மனைவி, அடுப்படியிலிருந்து.

ஐந்து கியர் வரைக்கும் உதடும் தொண்டையும் போதும். ஆறாவதில், நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றில் எழும் அந்தக் கீச்சு, ஆடுகிற மேல் முன்பல்லால் மட்டுமே வரும். கியர் மாறும்போதெல்லாம் இடது கால் கம்பளத்தில் கிளச்சை மிதிக்கும். கீழே எனக்கு 'டொம்' என்று கேட்கும்.

அந்தப் பல்தான் அழுகியது. கன்னம் அடுப்பில் உப்பிய பணிஸ்போல வீங்கியது. அக்கா மூன்று தரம் பல் வைத்தியரிடம் நாள் எடுத்தார். மூன்று தரமும் அண்ணை களவாய் ரத்துச் செய்தார்.

"பல்லைப் பிடுங்கினா எஞ்சின் போச்சு. பிள்ளை பட்டினி கிடக்கும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. சீழ் தலைக்கு ஏறினா நீங்கள் போயிடுவியள்!"

நாலாம் தரம் அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அங்கே கதிரையில் படுத்தபடி, ஊசி போட முன்னர், கடைசியாக ஒரு தரம் ஆறாம் கியரைப் போட்டாராம். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்களாம். பிறகு பல் வெளியே வந்தது.

அன்று மாலை கறிச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க மேலே போனேன். ஸ்பீக்கரில் வேரோனிக்கா. அண்ணையின் வாயில் பஞ்சு. ஐந்து கியரும் முக்கி முனகி ஏறின. ஆறாவதில் 'புஸ்' என்று வெறும் காற்று. பஞ்சு பறந்து மடியில் விழுந்தது.

"அப்பா, வாயைத் திறக்கிறாளில்லை."

"கார் புறோக்கன்!" என்று ஷரோன் வீரிட்டாள்.

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்கத்தான் வேண்டும், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா அடுப்பை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தள்ளுங்கோ அங்காலை." ஸ்பீக்கருக்குக் குனிந்து ஐந்தாம் கியரை எடுத்தார். ஐயோ, அச்சு அசல் அதே சத்தம், கொஞ்சம் மெல்லிசு, அவ்வளவுதான். திட்டித் திட்டி எத்தனை வருடம் கேட்டிருக்கிறார்! சத்தம் உச்சிக்கு ஏறியதும் நிறுத்தி, ஸ்பீக்கரைக் கையால் பொத்தி, அண்ணையை முறைத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு இருக்கிறியள்? நான் ஆறு போடவேணும். கிளச்சை மிதியுங்கோவன்!"

சீமோன் அண்ணை இடது காலைத் தூக்கி, கம்பளத்தில் அழுத்தினார்.