வெடிக்கு ஒளியும் புலி

கோயமுத்தூர் பக்கம் வீடு வீடாகப் போய், சத்தத்துக்கு நடுங்கும் நாய்களைத் தேற்றுவது என் தொழில். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், நான் விடுவதாக இல்லை. தீபாவளிக்கு நாயோடு குளியலறையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் புலியின் கதை.

மூன்று வாரக் கெடு

சத்தியமங்கலம் தாண்டி ஒரு தோட்டம். பழனிச்சாமி அண்ணனின் நிலக்கடலைக் காட்டுக்குள் பன்றி வரும். விரட்ட அவர் வெடி போடுவார். பன்றி போகிறதோ இல்லையோ, காவல் நாய் புலி டிராக்டருக்கு அடியில் போய்விடும். நான் போனபோது வால் மட்டும் தெரிந்தது, அதுவும் நடுங்கியது.

ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பிக்கு மூன்று வாரம் இருந்தது. நோம்பி வெடிக்கு முன் புலி தேறாவிட்டால் எங்காவது தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவாராம். ஆறு வருஷம் அந்தத் தோட்டத்தைக் காத்த நாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரோ நிதானமாகச் சொன்னார்: "நாயின்னா காவலுங்க அம்மணி. இது எங்கிட்டயே காவல் கேக்குதுங்க."

வட்டலுக்குப் பின்னால் வெடி

எனக்கு முன்பே அண்ணன் ஒரு வைத்தியம் பார்த்திருந்தார். கன்றுக்குட்டியை மோட்டார் ரூம் பக்கத்தில் கட்டினால் சத்தம் பழகிவிடும் அல்லவா? அதே கணக்கில், தினமும் புலி சாப்பிடும்போது பின்னால் ஒரு ஓலை வெடி. இப்போது புலி சோத்து வட்டலைக் கண்டாலே ஓடியது. விலா எலும்பை எண்ணலாம்.

இனி வட்டல் பக்கம் வெடி வந்தால் நாயை நானே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று கத்திவிட்டேன். சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி சரசக்கா எட்டிப் பார்த்தார்: "நானும் பத்து நாளாச் சொல்றனுங்க. ஆருங்க கேக்கறாங்க?"

போனுக்குள் வெடி

வட்டலை மாற்றினோம், சோறு வைக்கும் இடத்தையும் மாற்றினோம். பன்றிக்கு வெடிக்குப் பதில் டார்ச் லைட். போனில் வெடிச் சத்தம், கொசு பாடும் அளவுக்கு. சத்தம் வந்த மறுநொடி ஒரு துண்டு கோழிக்கறி. நடுங்கினால் நிறுத்து, தின்றால் மறுநாள் சத்தத்தைத் துளி கூட்டு. ஒளிந்தால் இழுக்காதே. தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்கிறார்களே, அது சுத்தப் பொய். தாராளமாகத் தடவுங்கள். கால்நடை டாக்டரிடம் காட்டி, நோம்பி நாளுக்கு மட்டும் மாத்திரையும் வாங்கினோம்.

இரண்டாவது வாரம் போனபோது அண்ணனே டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். புலியின் தலை அவர் கைமேல் இருந்தது. என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை: "ஆயில் ஒழுகுதான்னு பாக்கறனுங்க."

நோம்பி

உள்ளதைச் சொல்கிறேன், புலி வீரனாகவில்லை. முதல் சரம் வெடித்ததும், ஜன்னலைச் சாத்தி ஃபேன் ஓடவிட்டிருந்த அறைக்குள் தானே போய்ப் படுத்து நடுங்கியது. ஆனால் சத்தம் ஓய்ந்ததும் வெளியே வந்து, அத்தனை பேர் எதிரிலும் வட்டலைக் காலி செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விருந்துக்கு வந்திருந்த சரசக்காவின் அண்ணன் சும்மா இருப்பாரா? அந்தச் சரத்தைப் பற்றவைத்தவரே அவர்தான். இதற்குப் போய்ப் புலி என்று பேர் வைத்தது யார், எப்போது கொண்டுபோய் விடப்போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பழனிச்சாமி அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்தார்: "பத்த வெச்ச நீங்களே ஓடுனீங்க மச்சான். புலி ஓடுனா மட்டும் தப்புங்களா? அது இங்கயேதான் இருக்கும்."

புலிக்குப் பயம் பாதிதான் போயிருக்கிறது; மச்சான் சரத்தைப் பற்றவைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்று காட்டும் நோம்பியில், மீதியையும் போக்கித் தருகிறேன்.