வேதகிரி எழுதிய மச்சம்

"புள்ளைய வெளிய வெய்யி. போட்டோவ உள்ள குடு" என்று கையை மட்டும் நீட்டுகிறார் வேதகிரி. முகம் நிமிர்வதில்லை. படம் கைக்கு வந்ததும் அதன் ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். படத்தில் இருக்கிற குழந்தையோ வாசலில் வீல் வீலென்று கத்திக்கொண்டிருக்கிறது. அது அவருக்குத் தொந்தரவு. "அந்த சவுண்ட நிறுத்தச் சொல்லும்மா. இங்க வேல நடக்க வாணாவா?" என்கிறார்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறைதான் அவருடைய ஆபீஸ். முன்பெல்லாம் பட்டா மனுவும் வாரிசு மனுவும் எழுதிக்கொண்டிருந்தார். மாகறலிலிருந்தும் தென்னேரியிலிருந்தும் வாலிபர்கள் மஸ்கட், துபாய் என்று கிளம்ப ஆரம்பித்ததும் வாசல் பலகையை அழித்து 'வெளிநாட்டு விவகாரங்கள்' என்று எழுதி மாட்டிவிட்டார். போனவர்களில் சிலர் இப்போது மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கு விசா வாங்குவதில் தன்னை மிஞ்ச இந்த ஜில்லாவிலேயே ஆளில்லை என்பது வேதகிரியின் வாக்கு. வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எந்த வெயிலிலும் சஃபாரி சூட்டுதான் போடுவார். சட்டைப்பையில் கறுப்புக் கண்ணாடி எட்டிப் பார்க்கும். சுவரில் ஒரு விமானக் கம்பெனியின் காலண்டர். வருஷம் முடிந்தும் விமானத்துக்காக அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறார். அவர் பார்த்த வெளிநாடு மீனம்பாக்கம் வரைதான். மைத்துனனை வழியனுப்பப் போனவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விமானம் ஏறுவதைப் பார்த்துவிட்டு, பொரிகடலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்த ஒரு பகல் அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் தாய்மார்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். "எறங்கச்சொல்ல காது அடைக்கும்மா. புள்ள வாயில கொஞ்சம் வெல்லத்தப் போடு. நாங்கல்லாம் அப்பிடித்தான் பண்றது."

"இன்ஃபென்ட்டா, சைல்டா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆணா பெண்ணா என்பது பிறகு. பெயர் கடைசியில். பிறந்த தேதி கேட்டதற்கு, "ஏரி ரொம்பி வழிஞ்சுதே சார், அதுக்கு மறுநாளு" என்று யாராவது வெள்ளந்தியாகச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். "காட்டான், சுத்தக் காட்டான்! பாரின் போவ ஆச கீது, பெத்த தேதி தெரில." அவருடைய மகன் பிறந்த தேதி அவருக்குத் தெரியுமா என்று அவர் மனைவி ஜெயம்மாளைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

என்றோ ஒரு குழந்தை எழுதி முடித்த காகிதத்தின்மேல் ஈரம் பண்ணிவிட்டதாம். அன்றிலிருந்து குழந்தைகளுக்கு உள்ளே அனுமதியில்லை. இதற்கு ஒரு சித்தாந்தமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். "ஆபீசரு புள்ளையவா பாக்கறான்? போட்டோவத்தான் பாக்கறான். நானும் அப்பிடித்தான்." கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டுகிறார்கள். அவர் எழுதுவது இங்கிலீஷ், இவர்களுக்கு எழுத்து தெரியாது என்பதால் அந்தத் தலையாட்டலில்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

திருப்புலிவனத்துத் தேவகியும் அப்படித் தலையாட்டியவள்தான். அவள் கணவன் ஏகாம்பரம் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். மகன் கருணாகரன் பிறந்து பத்து மாதமாகியும் இன்னும் முகம் பார்க்கவில்லை. கம்பெனியில் வீடு கொடுத்ததும் இருவரையும் வரவழைக்கக் காகிதம் அனுப்பினான். தேவகி குழந்தையைப் படம் எடுக்கக் கூட்டிப் போன அன்று, மாமியார் சும்மா விடுவாளா? ஊர்க் கண் படப்போகிறதென்று கன்னத்தில் காலணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பினாள். வேதகிரி வழக்கம்போலப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மனுவில் அடையாளம் என்று கேட்டிருந்த இடத்தில், 'இடது கன்னத்தில் பெரிய கருப்பு மச்சம்' என்று இங்கிலீஷில் அழகாக எழுதினார். குழந்தை வாசல் வேப்பமரத்தடியில்தான் இருந்தது. எழுந்து நாலு எட்டு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் எதற்கு நடக்கிறார்?

விசாவும் வந்தது. தேவகி, மாமியார் சொன்னபடி குழந்தைக்கு அதே பொட்டை வைத்து, அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பம்பாய் போனாள். விமான நிலையத்தில் புழுக்கம் தாங்காமல் குழந்தை அழ, அதிகாரிக்கு எதிரிலேயே அவள் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். மச்சம் முந்தானைக்கு வந்துவிட்டது. ஒரு குழந்தையின் காகிதத்தில் வேறொரு குழந்தைக்கு மச்சம் வரைந்து கடத்துகிறார்கள் என்று நினைக்காமல் அந்த மனிதர் வேறென்ன நினைப்பார்? இது யாருடைய குழந்தை என்று தமிழ் தெரிந்த ஒருவரை விட்டுக் கேட்டார்கள். பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? விமானம் போன பிறகும் பொழுது சாய்கிறவரை அவளை ஓர் அறையில் உட்கார வைத்திருந்து, விசாவைச் சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஊர் வந்தவள் நேரே வேதகிரியின் ஆபீசுக்குள் நுழைந்து, நடந்ததைச் சொல்லி, குழந்தையை அவர் மேசைமேல், காகிதங்களின்மேலேயே உட்கார வைத்தாள்.

"மச்சத்த எங்கம்மா காணோம்?" என்றார் வேதகிரி. குழந்தை அதை எங்கோ தொலைத்துவிட்டது போலிருந்தது அந்தக் குரல்.

"மச்சமே கெடையாது சார். அது அத்த வெச்ச திருஷ்டிப் பொட்டு."

"போட்டோல அப்பிடின்னு எழுதியா கீது? நீ சொல்லிருக்கணும்."

"நீங்கதான வெளிய நிக்கச் சொன்னீங்கோ?"

"எதுத்துப் பேசாத. புள்ள மூஞ்சில கண்டதப் பூசிட்டு வந்து என்னக் கேக்கற."

தேவகி அழுகையை அடக்கிக்கொண்டு, "திரும்பி எழுதிப் போட முடியாதா சார்? அவரு கடுதாசிக்குக் கடுதாசி எம்புள்ள எப்பிடி கீறான்னு கேட்டுக்கினே கீறாரு" என்றாள்.

"போடலாம். அது வரதுக்குள்ள உன் வூட்டுக்காரரு குவார்ட்டர்ஸ கம்பெனிக்காரன் வேற எவனுக்கானா குடுத்துருவான். இந்த மாசம் போவலன்னா அவ்ளோதான்."

திரும்ப எழுதுவதென்றால், முன்பு எழுதியது தப்பு என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு வேதகிரியின் கை வராது. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு வழி கீது. பேப்பர்ல மச்சம் கீது, மூஞ்சில இல்ல. பேப்பர மாத்தறது பெரிய பேஜாரு. மூஞ்ச மாத்தறது ஈசி. சந்தைல பச்ச குத்துவாளே சிட்டம்மா, அவளக் கூட்டாரச் சொல்றேன். ஒரே பொட்டு, எறும்பு கடிச்சாப்ல இருக்கும். எவன் தொடச்சாலும் போவாது."

தேவகி உடனே மறுக்கவில்லை. அவள் முன்கையிலும் பச்சை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் ஆசைப்பட்டுக் குத்திக்கொண்டது. பெண்டாட்டி பிள்ளை வருவார்களென்று ஒருவன் அங்கே வீடு பெருக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஒரு பொட்டுத்தானே என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் பேசாமலிருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட வேதகிரி, இடம் குறிப்பதற்காகப் பேனா மூடியால் குழந்தையின் இடது கன்னத்தைத் தொட்டார். அது கன்னங்குழிய அவரைப் பார்த்துச் சிரித்தது.

"அந்தப் பக்கம் இல்ல சார். அத்த வெச்சது சோத்துக்கைப் பக்கம்" என்றாள் தேவகி.

வேதகிரி படத்தைத் தேடி எடுத்தார். பொட்டு அவருடைய இடக்கைப் பக்கமாகத்தான் தெரிந்தது. எதிரில் இருக்கிற முகத்துக்கு அது வலப்பக்கம் என்பது இத்தனை குழந்தைகளை வெளிநாடு அனுப்பியவருக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"பேப்பர்ல எடது, போட்டோல வலது. இதுக்கு இன்னா இப்போ? ரெண்டு பக்கமும் குத்திட்டா தீந்துது" என்றார்.

"வாணாம் சார். லீவு கெடைக்கறப்ப அவரே வந்து புள்ளைய நேர்ல பாக்கட்டும்" என்று சொல்லி, தேவகி தன் இரண்டு உள்ளங்கைகளாலும் குழந்தையின் இரண்டு கன்னங்களையும் பொத்திக்கொண்டாள்.