எதிர்க்கரை

நீச்சல் குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஒரு வங்கிக்காரர் இருந்தார். திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்த நான் இருந்தேன். தண்ணீருக்குள் என் மகள் இருந்தாள். கரையில் குடையோடு பயிற்சியாளர் இருந்தார். அன்று கோடை நீச்சல் அணிக்கு ஆள் எடுத்தார்கள். நீந்தி எதிர்க்கரையைத் தொட்டால் இடம் உண்டு.

பயிற்சியாளருக்கு நல்ல தொப்பை, இஸ்திரி கலையாத பேன்ட். பத்து நாளாக அங்கே வந்துபோனதில் அவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டு நான் பார்த்ததில்லை. நீச்சலில் அவ்வளவு கெட்டிக்காரர்.

என் மகள் பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

“கெணத்துலயா பழக்குனீங்க?” என்று பயிற்சியாளர் என்னைக் கேட்டார்.

“ஆமாங்க.”

“தெரியுது. கெணத்து அகலம் முடிஞ்சதும் புள்ள திரும்பிருது.”

“நீங்க எறங்கிக் காட்டுனா நேராப் போகும்ல?”

“நான் எறங்கிட்டா விசில் யாருங்க ஊதுறது?”

வங்கிக்காரர் சிரித்தார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பயிற்சியாளர் எதிர்க்கரைக்கு நடந்தார். குடையை மடக்கினார். பேன்ட்டோடு காலைத் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்தார்.

“இங்கிட்டுப் பாரு ஆத்தா, இதுதான் சொவரு. வா!”

அவள் நீந்திப் போய் அவர் காலைப் பிடித்தாள். அந்த மனிதரை என்னவென்று சொல்வது, இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் முதல் தடவை கிளம்பியபோது ஓடவிட்ட கடிகாரத்தை அப்போதுதான் நிறுத்தினார். அவள் பெயரை அணிப் பட்டியலில் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்.

மூன்று நிமிடம் நாற்பது நொடி.