சுவரில் ஒட்டிய கடைசிப் பக்கம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான்; எங்கே பெரிய றகரம், எங்கே சின்ன ரகரம் என்று இன்னும் தடுமாறுவேன். வாசிப்பவர்கள் பிழை பொறுக்க வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நான்கு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாத்தளைப் பெரிய தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் எனக்குப் பொட்டலம் கட்டும் வேலை. அதற்காக முதலாளி பழைய கடதாசியைக் கட்டுக்கட்டாக வாங்கிப் போடுவார். ஒருமுறை வந்த கட்டில் ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. அட்டை இல்லை, தையல் விட்டுத் தாள் தாளாகக் கிடந்தது. பிள்ளைகளுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்தது. தாளுக்கு ஒரு பக்கம் படம், மறுபக்கம் கதை. முதல் படத்தில் ஒரு கப்பல், அதைச் சுற்றி மலை மலையாக வெள்ளை. உப்பு என்றுதான் நினைத்தேன். வாசித்த பிறகுதான் பனிக்கட்டி என்று தெரிந்தது. உலகத்தின் தென் கோடியில் மனிதர் மிதிக்காத நாடு ஒன்று இருக்கிறதாம். அதைத் தேடி ஒன்பது பேரும் ஒரு நாயும் போனார்களாம். இது கட்டுக்கதை அல்ல, நடந்தது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அந்த வரியை விரல் வைத்து மறுபடி வாசித்தேன்.

புத்தகத்தைக் கேட்டதற்கு முதலாளி, "மொத்தமா தூக்கிட்டுப் போனா நான் எதுல சரக்குக் கட்டுறது? ஒரு நாளைக்கு ஒரு தாளா எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அப்படியே செய்தேன். சாயங்காலம் வேலை விட்டுப் போனதும் கடைக்குப் பின்னால் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் என் மகளுக்கு வாசித்துக் காட்டுவேன். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் வாசல் கொள்ளவில்லை. எனக்கும் கூச்சமாக இல்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் படத்தையே பார்த்தார்கள். கப்பலைப் பனிக்கட்டி நெரித்த அன்று ஒரு சிறுமி அழுதாள். ஒன்பது பேரும் படகை இழுத்துக்கொண்டு நடந்த அன்று பையன்கள் ஒரு பலகையில் கயிறு கட்டித் தெரு முழுக்க இழுத்தார்கள். அந்த விளையாட்டில் செருப்புத் தைப்பவரின் மகன்தான் நாய்.

கடைசிக்கு முந்திய தாளில் அவர்கள் ஒரு கரையைச் சேர்ந்தார்கள். சாப்பாடு தீர்ந்துவிட்டது. கடல்நாய் என்கிற கடல் பிராணியின் கொழுப்பை எரித்துப் புகை மூட்டினார்கள். 'அன்று முதல் ஒருவர் மாறி ஒருவர் கடலையே பார்த்து நின்றனர்' என்று முடிந்திருந்தது.

மறுநாள் நான் மூட்டை இறக்கப் போயிருந்த நேரம், மிச்சமிருந்த அந்த ஒரே தாளில் முதலாளி சீரகம் கட்டிக் கொடுத்துவிட்டார்.

"பல்லேகம நானாவுக்குத்தான் கட்டினேன்" என்றார். "அவரும் படத்தப் பாத்து, 'என்ன முதலாளி, இவ்வளவு பால ஊத்தி வச்சிருக்கு'ன்னு கேட்டாரு."

நானா என்று நாங்கள் கூப்பிடும் அந்த முஸ்லிம் அண்ணன் பல்லேகமத்தில் சின்னக் கடை வைத்திருந்தவர். மாதம் ஒருமுறை பொதிமாடுகளோடு மாத்தளைக்கு வந்து சரக்கு ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போவார். இனி அடுத்த மாதம்தான்.

சாயங்காலம் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "மாமா, கப்பல் வந்துச்சா?"

"தாள் இல்ல."

"மாமாவுக்குக் கத தெரியல, அதான் முழிக்கிறாரு!" என்றான் செருப்புத் தைப்பவரின் மகன்.

மகள் என் காதருகில் வந்தாள். "அப்பா, வந்துச்சுன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"நடந்த கதம்மா. அவங்க செத்திருந்தா நான் எப்படி உசிரோட கொண்டாறது? வந்திருந்தா நான் எப்படிச் சாகடிக்கிறது?"

அந்த மாதம் முழுவதும் ஒன்பது பேரும் கரையிலேயே நின்றார்கள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

நானா வந்ததும் தட்டுத் தடுமாறிக் கேட்டேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சீரகம் குறைஞ்சிட்டெண்டு சண்டைக்கு வருவாங்க. கடதாசி குறைஞ்சிட்டெண்டு வந்த ஆள் நீங்கதான்! அத ஒரு சிங்களப் பொம்பள கேட்டு வாங்கிட்டுப் போனா. லக்கலப் பக்கம், காட்ட எரிச்சுப் பயிர் செய்ற சேனை ஓரத்துல வீடு."

"நானும் வாரேன் நானா."

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போய்ட்டு வா. வரும்போது நல்ல தேனா பாத்து வாங்கிட்டு வா" என்றார்.

அதுவரை நான் மலையடிவாரத்து ரத்தோட்டையைத் தாண்டியதில்லை. மணி கட்டிய மாடுகளின் பின்னால் மலை ஏறினேன். உச்சியில் மேகம் பாதையில் படுத்திருந்தது. முன்னால் போன மாடு தெரியவில்லை, மணிச்சத்தம் மட்டும் கேட்டது. காற்று ஆளைத் தள்ளியது. குளிரில் பல் கிட்டினாலும் உள்ளே ஒரே சந்தோஷம். அந்த ஒன்பது பேருக்குப் பின்னால் பத்தாவது ஆளாகப் போவது போல இருந்தது.

"என்ன, பனிக்கட்டி தெரியுதா?" என்று நானா மேகத்துக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"அட்டதான் தெரியுது நானா, கால் முழுக்க!"

மலை இறங்கியதும் வெயில். பல்லேகமத்தில் சரக்கை இறக்கிவிட்டு நானா என்னை அந்த மண்வீட்டுக்குக் கூட்டிப் போனார். உள்ளே நுழைந்ததுமே கண்டுவிட்டேன். எதிர்ச் சுவரில், கஞ்சிப் பசை போட்டு, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது. கரையில் ஆட்கள் கையைத் தூக்கி நிற்கிறார்கள். தூரத்தில் ஒரு கப்பல். விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது!

"எல்லாரும் இருக்காங்க நானா!"

நானா குனிந்து பார்த்தார். "அது சரி. கப்பல் வாறதா, போறதா?"

எனக்கு உயிர் போய் வந்தது. நகத்தளவு கப்பல், முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. எழுத்தெல்லாம் மறுபக்கம், சுவரோடு சுவராக.

வீட்டுக்காரம்மாவிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இதை உரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் படத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். தொடவே கூடாதாம். அந்த ஆட்கள் யானை விரட்டுகிறார்களாம். சேனைக்கு யானை வந்தால் இவர்களும் அப்படித்தான் கையைத் தூக்கிக் கத்துவார்களாம். ஒட்டிய நாளிலிருந்து யானை வரவில்லையாம்.

நானா என் முதுகில் தட்டினார். "கதயச் சொல்லுங்க. இல்லாட்டி வந்த வழியே போவோம்."

சொன்னேன். அந்நிய வீட்டில், அந்நிய பாஷையில், நின்றுகொண்டு. பனிக்கட்டிக்குச் சிங்களச் சொல் தெரியாமல் "கல்லாகிப் போன தண்ணீர்" என்றேன். அவள் புருஷன் மண்வெட்டியோடு வந்து வாசலில் நின்றவர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துச் சேனைக்காரர்களும் வந்தார்கள். கரையில் புகை மூட்டிய இடத்தில் நிறுத்தி, "இதற்கு மேல் சுவருக்குள் இருக்கிறது" என்றேன்.

வீட்டுக்காரம்மா எழுந்து போய்ச் சட்டியில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள்.

அவளே நனைத்து நனைத்து ஓரத்திலிருந்து உரித்தாள். எல்லோரும் சுவரை நெருங்கி நின்றோம். தாள் கையோடு வந்தது. எழுத்தில் பாதியைச் சுவர் வைத்துக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். '…புகையைக் கண்ட கப்பல்…' மண். '…கரையை நெருங்கி…' மறுபடி மண். அடியில் ஒரு வரி முழுசாக இருந்தது: 'ஒன்பதின்மரும் உயிருடன் ஊர் சேர்ந்தனர்.'

"வந்திருச்சு! கப்பல் வந்திருச்சு!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. சேனைக்காரர்களும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். பார்த்தால் படத்தில் இருப்பவர்கள் மாதிரியே இருந்தது.

தாளை அவளிடமே கொடுத்தேன். புதுக் கஞ்சி காய்ச்சி அதே இடத்தில் ஒட்டினாள்.

ஊர் திரும்பிய அன்று பிள்ளைகள் தெருமுனையிலேயே மறித்தார்கள். உட்காரக்கூட விடவில்லை. நின்றபடியே, கையில் படம் இல்லாமல், எல்லோரும் என் முகத்தையே பார்த்திருக்க, கதையைச் சொன்னேன். ஒன்பது பேரும் ஊர் சேர்ந்தார்கள் என்றதும் எழுந்த கூச்சலில் முதலாளி கடையை விட்டு ஓடி வந்தார்.

செருப்புத் தைப்பவரின் மகன் மட்டும் கத்தவில்லை. "நாய்?" என்றான்.

படத்தில் ஆட்களின் காலடியில் மண்கறை படிந்திருந்தது; அங்கே நாய் நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. நாயைப் பற்றிய வரி இருந்திருந்தால் அதுவும் சுவரோடு போயிருக்கும். வந்தது என்று சொல்லியிருக்கலாம். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலடா" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப அந்தச் சுவத்தப் பாக்க மறுபடி போங்க மாமா. இந்தத் தடவ நாங்களும் வாரோம்."

1938ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம், 12ஆம் திகதி.