பள்ளிக்கூட மாடியில் எங்கள் வீட்டுச் சாக்கு

சங்கராபுரம் பக்கத்தில், எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி நான். என் மாமனார் படித்த அந்தப் பழைய கட்டடத்தின் கான்கிரீட் கூரை, இரு பக்கமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். சென்ற மழையில் வகுப்பறை ஒழுகியது. கூரை பிள்ளைகள் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து, இடிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

பார்வையிட வந்த பொறியாளர் அம்மாவுடன் மாடி ஏறினேன். கூரை நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. வடிகுழாயின் வாயிலிருந்து ஒரு சாக்கை உருவினார். தண்ணீர் சளசளவென்று இறங்கியது.

"இத யாரும்மா வச்சது?"

மண்டிக்குப் போகும் சாக்கு. என் வீட்டுக்காரர் பெயர் சிவப்புப் பெயிண்டில் இருந்தது.

"நான்தாங்க. லீவுல இங்க மக்காச்சோளம் காய வச்சிக்கினு இருந்தேன். உதிர்ந்த மணி குழாயில போவக்கூடாதுன்னு அடச்சேன். எடுக்க மறந்துட்டேங்க."

அவர் திட்டவில்லை. "கட்டடம் கெட்டியா இருக்கு. இந்த மாதிரி கூரை இப்ப யாரும் போடறதில்ல. பாரம்பரியக் கட்டடமா காப்பாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க" என்றார்.

பழைய தீர்மானத்தை ரத்து செய்து, அப்படியே எழுதிக் கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. வகுப்பறை ஒழுகவும் இல்லை. இப்போது மக்காச்சோளம் எங்கள் களத்தில்தான் காய்கிறது. எந்தக் கட்டடத்தைப் பற்றியும், மேலே ஏறிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.